சத்திரத்தில் கொதிக்கும் லாரி
பழைய வண்டியின் என்ஜின் சூடேறுவதைத் தடுப்பது எப்படி?

சித்திரை, வைகாசி மாதங்களில் திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். காவிரிப் பாலத்தைக் கடந்து வரும் டவுன் பஸ்கள், லால்குடி, முசிறி, துறையூர்ப் பக்கத்து பஸ்கள், ஆட்டோக்கள் ஆகியவற்றின் நடுவே, வாழைத்தார் ஏற்றிய பழைய லாரி ஒன்று ஓரமாக நின்றிருக்கும். முன் பக்கத்திலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பிக் கொண்டிருக்கும். கிளீனர் பையன் பிளாஸ்டிக் குடத்துடன் தண்ணீர் தேடி ஓடுவான். தாரின் சொந்தக்காரரான விவசாயி வெயிலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருப்பார்.

அவருடைய கவலை நியாயமானது. மண்டியில் ஏலம் அவருக்காகக் காத்திருக்காது. ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேரும் தாருக்குக் கிடைப்பது மிச்ச விலைதான். வெயிலில் நின்ற தாரின் தோல் கருகும். இலைக்கட்டாக இருந்தால் ஓரம் வாடிச் சுருளும். பத்து, பன்னிரண்டு மாதம் தண்ணீர் கட்டி, முட்டுக் கொடுத்து, காற்றுக்குப் பயந்து காத்த வெள்ளாமை, கடைசி மூன்று மைலில் விலை இழந்து விடுகிறது. வண்டியும் சொந்த வண்டியாக இருந்துவிட்டால் நஷ்டம் இரட்டிப்பாகும். சூட்டோடு சூடாக ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, என்ஜினையே இறக்கிப் பிரிக்க நேரிடும்.

இன்று பல கிராமங்களில் மூன்று, நான்கு விவசாயிகள் சேர்ந்து பழைய சிறு லாரி ஒன்றை வாங்கி, தங்கள் விளைபொருளைத் தாங்களே மார்க்கெட்டுக்குக் கொண்டு செல்கின்றனர். 1986-ம் ஆண்டில் அறிமுகமான டாட்டா 407 போன்ற வண்டிகள் பல கை மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் அமைப்பு எளிமையானது. சூடேறும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்து விடலாம். அதற்கு என்ஜின் எப்படிக் குளிர்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

குளிரூட்டும் முறை

டீசல் எரியும்போது உண்டாகும் வெப்பம் முழுவதும் வண்டியை இழுக்கப் பயன்படுவதில்லை. பொதுவாகச் சொன்னால், மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடுகிறது. மீதியுள்ள ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். தண்ணீர் அந்த வேலையைச் செய்யாவிட்டால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிப் பிடித்துக் கொள்ளும்.

1886-ம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த முதல் மோட்டார் வண்டியிலும் தண்ணீர்தான் குளிர வைத்தது. ஆனால் அதில் ரேடியேட்டர் இல்லை. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வழியில் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். 1901-ம் ஆண்டில் புகழ் பெற்ற மெர்சிடிஸ் காரில் வில்ஹெல்ம் மேபாக் என்ற பொறியியலாளர், 8,000-க்கும் மேற்பட்ட சிறு குழாய்களைத் தேன்கூடு போல அடுக்கி ரேடியேட்டர் அமைத்தார். இத்தகைய ரேடியேட்டரில் ஒரே தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. ஒரு மைலுக்கு ஒரு குடம் ஊற்றிக்கொண்டு ஓட்டப்படும் பழைய லாரி, உண்மையில் 1886-ம் ஆண்டுக்கே திரும்பிப் போன லாரி என்றுதான் சொல்ல வேண்டும்.

தண்ணீர் சுற்றும் வழி இதுதான். வாட்டர் பம்ப் தண்ணீரை என்ஜின் பிளாக்குக்குள் தள்ளுகிறது. அங்கே சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, ஹெட்டுக்கு ஏறிச் சூடாகி, தெர்மோஸ்டாட் வால்வைக் கடந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்று அதன் சூட்டை எடுத்துக் கொள்கிறது. குளிர்ந்த தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக மறுபடியும் பம்புக்குப் போகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் வண்டி கொதிக்கும்.

எங்கே கொதிக்கிறது என்று பாருங்கள்

வண்டி சூடேறுகிறது என்றதும் ரேடியேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் சூடேறுகிறது என்று கவனித்தாலே பாதி வைத்தியம் முடிந்துவிடும். இதைச் ‘சத்திரத்துக் கொதிப்பு’, ‘கொல்லிமலைக் கொதிப்பு’ என்று இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம்.

சத்திரத்துக் கொதிப்பு: வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது மீட்டர் முள் ஒழுங்காக இருக்கும். நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் முள் ஏறத் தொடங்கும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்து விடுகிறது. நின்ற வண்டிக்கு விசிறி ஒன்றுதான் கதி. ஆகவே நிற்கும்போது மட்டும் சூடேறினால் கோளாறு காற்றுப் பக்கத்தில் இருக்கிறது. பேன் பெல்ட் தளர்ச்சி, விசிறி இறக்கை உடைவது, விசிறியைச் சுற்றியுள்ள தகரக் கூடு கழன்று போவது, ரேடியேட்டரின் வெளிப்புறம் அடைத்துக் கொள்வது ஆகியவையே காரணங்கள்.

கொல்லிமலைக் கொதிப்பு: இது நேர் எதிரானது. நெரிசலில் நின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் லோடு ஏற்றிக்கொண்டு மேடு ஏறினாலோ, வேகமாக ஓட்டினாலோ சூடேறும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் வண்டி, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முழு டீசலையும் எரித்துக் கொண்டு போகிறது. வெப்பம் மிகுதியாக உண்டாகிறது. அதைச் சுமக்கப் போதிய தண்ணீர் ஓடவில்லை. இங்கே கோளாறு தண்ணீர்ப் பக்கத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் குழாய்களுக்குள் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். கீழ் ஹோஸ் உள்ளே நைந்து, பம்பு இழுக்கும்போது சப்பையாக ஒட்டிக் கொள்ளலாம். பம்பின் இறக்கை அரித்துத் தேய்ந்திருக்கலாம். அளவுக்கு மீறிய லோடும், டீசல் பம்ப் டைமிங் தவறியிருப்பதும் இதே விளைவைத் தரும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களுக்குள்ளேயே முள் உச்சிக்குப் போய்விடும். தெர்மோஸ்டாட் வால்வு மூடியபடியே பிடித்துக் கொண்டிருந்தாலும், பெல்ட் அறுந்து போயிருந்தாலும், ஹெட் கேஸ்கட் போயிருந்தாலும் இப்படி நேரும்.

முள் மட்டும் ஏறி, ஆவியோ, சூட்டு வாடையோ, தண்ணீர்க் குறைவோ இல்லாவிட்டால் மீட்டரோ அதன் கம்பியோ பழுதாகியிருக்கக் கூடும். ஆனால் இதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளும் வரை மீட்டர் சொல்வதையே நம்ப வேண்டும். மீட்டர் வேலை செய்யாத வண்டியை லோடுடன் எடுக்கவே கூடாது.

நடுவழியில் கொதித்தால்

முள் சிவப்புக் கோட்டை நெருங்கும்போதே வண்டியை ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, சைடு பிரேக் போட வேண்டும். தண்ணீர் சிந்தவில்லை, பெல்ட்டும் ஓடுகிறது என்றால் உடனே என்ஜினை நிறுத்த வேண்டாம். ஆக்சிலேட்டரைச் சற்றே மிதித்து, மெல்லிய வேகத்தில் இரண்டு, மூன்று நிமிடம் ஓட விட்டால் விசிறியும் பம்பும் சூட்டை வெளியேற்றும். முள் மெல்ல இறங்கும். நெரிசலில் மாட்டிக் கொண்டபோதும் இதே முறை உதவும். ஆனால் பெல்ட் அறுந்து விட்டாலோ, ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டினாலோ, ஆவி பீறிட்டுக் கிளம்பினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் என்ஜினை நிறுத்தி விட வேண்டும்.

அடுத்தது உயிருக்கும் கண்ணுக்கும் ஆபத்தான கட்டம். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஸ்பிரிங் வைத்து அழுத்திப் பிடிப்பதால், உள்ளே தண்ணீர் அதைவிடக் கூடுதலான சூட்டில் கொதிக்காமல் இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியுள்ள வண்டியில் ஏறக்குறைய 111 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய்விடும். உள்ளிருக்கும் தண்ணீர் ஒரே நேரத்தில் பொங்கி, ஆவியும் வெந்நீருமாக முகத்தில் அடிக்கும். முகமும் மார்பும் வெந்து போகும். கண் போகவும் கூடும். மார்க்கெட்டுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில்தான் இந்த விபத்து நடக்கிறது.

குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மேல் ஹோஸை லேசாகத் தொட்டு அழுத்திப் பார்த்தால் தெரியும். கல் போல விறைத்திருந்தால் அழுத்தம் இறங்கவில்லை என்று பொருள். ஹோஸ் தளர்ந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, தடித்த ஈரச் சாக்கை மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கிக் கொண்டு, முதல் பள்ளம் வரை மட்டும் திருப்பி ஆவியை விட வேண்டும். சீற்றம் அடங்கிய பிறகே முழுவதும் திறக்கலாம்.

தண்ணீர் ஊற்றுவதிலும் நிதானம் தேவை. காய்ந்த இரும்புச் சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? அதே போல, சூடான ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். என்ஜின் சூடு நன்றாகத் தணிந்த பிறகு, ஸ்டார்ட் செய்து மெல்ல ஓட விட்டுக்கொண்டே, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். என்ஜின் மீதும் ரேடியேட்டர் மீதும் வெளியிலிருந்து தண்ணீரை வாரி இறைப்பதும் தவறு.

காத்திருக்கும் நேரத்தில் சரக்கையும் கவனிக்க வேண்டும். நிழல் கிடைக்குமானால் வண்டியைத் தள்ளியாவது நிழலில் நிறுத்தலாம். தார்ப்பாயை இறுக்கி மூடி வைத்தால் தாரின் சூடு உள்ளேயே தங்கிவிடும். பக்கங்களைத் தூக்கி விட்டுக் காற்றோட்டம் கொடுத்து, மேலே வாழைச் சருகையோ ஈரச் சாக்கையோ பரப்புவது நல்லது. கோளாறு பெரிது என்று தெரிந்தால், காத்துக் கொண்டிராமல் வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றி விடுவதே லாபம்.

வீட்டு வாசலில் செய்ய வேண்டிய சோதனைகள்

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இவற்றைச் செய்ய வேண்டும்.

1. தண்ணீர் மட்டம்: தினமும் ஸ்டார்ட் செய்யும் முன் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை அரை டம்ளர் குறைவது பெரிதல்ல. தினமும் ஒரு செம்பு குறைந்தால் எங்கோ போகிறது என்று பொருள். வண்டி நின்ற இடத்தில் பழைய அட்டையை விரித்து வைத்தால் ஒழுக்கு எங்கே என்று காலையில் தெரிந்துவிடும்.

2. பேன் பெல்ட்: இரண்டு கப்பிகளுக்கு நடுவே, நீளமான பக்கத்தில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் பெல்ட் வழுக்கும். மிகவும் இறுக்கினால் பம்பு, டைனமோ ஆகியவற்றின் பேரிங் போகும். உட்புறம் பளபளவென்று வழுவழுப்பாகியிருந்தாலும், வெடிப்பு இருந்தாலும் மாற்றி விட வேண்டும். ஒரு புதுப் பெல்ட் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

3. ரேடியேட்டரின் முகம்: நெல் தூசு, வைக்கோல், வாழை நார், பூச்சிகள் எல்லாம் தகடுகளுக்கு நடுவே சிக்கிக் காற்றை அடைத்து விடும். இதைக் கழுவும்போது என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் அடைத்துக் கொள்ளும். மிகுந்த வேகத்தில் அடித்தால் தகடுகள் மடங்கி விடும். ஆயுத பூஜைக்கு முன்னால் கட்டிய வாழைக்கன்றையும் மாலையையும் காயும் வரை விட்டு வைப்பது, ரேடியேட்டருக்கு முன் பலகைகளை மாட்டுவது ஆகியவையும் காற்றைத் தடுக்கும்.

4. ஹோஸ்கள்: பிசைந்து பார்க்க வேண்டும். கரும்புச் சக்கை போலக் கொழகொழத்தாலோ, காய்ந்து வெடித்திருந்தாலோ மாற்ற வேண்டும். கீழ் ஹோஸைச் சோதிக்க, என்ஜின் சூடானதும் ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் விசிறிக்குக் கை படாத தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஹோஸ் உள்வாங்கிச் சப்பையானால் அதுவே கொதிப்புக்குக் காரணம்.

5. வாட்டர் பம்ப்: என்ஜின் நின்றிருக்கும்போது விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே தண்ணீர் சொட்டினால் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்து விட்டது என்று அறிவிப்பு. அந்தத் துளையைச் சோப்பு வைத்து அடைப்பவர்கள் உண்டு. அது தவறு. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் அதையும் கெடுக்கும்.

6. மூடி: ரப்பர் வளையம் காய்ந்திருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அழுத்தம் நிற்காது; தண்ணீர் சீக்கிரம் கொதித்து வழிந்துவிடும். என்ஜின் பெரிதல்லவா என்று கூடுதல் அழுத்த மூடியைப் போடுவதும் ஆபத்து. பழைய ரேடியேட்டர் பிளந்து விடும். மூடியில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

“நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?” என்று சொல்லிப் பலர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி விடுகின்றனர். இந்த வழக்கம் சரியல்ல. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருந்து, தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாமல், என்ஜின் சீக்கிரம் சூடாக உதவுகிறது. தேவையான சூடு வந்ததும் திறந்து கொள்கிறது. வால்வு இல்லாவிட்டால் என்ஜின் வேண்டிய சூட்டை அடைய வெகு நேரம் ஆகும். அதுவரை டீசல் சரியாக எரியாது, சிலிண்டர் தேயும், மைலேஜ் குறையும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பல என்ஜின்களில் ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்கே திரும்பும் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. வால்வு திறக்கும்போது இந்தக் குறுக்கு வழியை அடைப்பதும் அதன் வேலையே. வால்வைக் கழற்றிவிட்டால் வாய்க்கால் மடை உடைந்தது போல், சூடான தண்ணீர் குறுக்கு வழியிலேயே ஓடிவிடும். குளிர வேண்டும் என்று கழற்றிய வால்வே கொதிப்புக்குக் காரணமாகி விடுகிறது.

வால்வு நல்லதா என்று பார்ப்பது எளிது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, வால்வை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பில் வைக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும் முன்பே வால்வு திறந்து, ஆறும்போது மூட வேண்டும். பல வண்டிகளில் 70 முதல் 85 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அந்த எண் வால்விலேயே பொறிக்கப்பட்டிருக்கும். திறக்கவே இல்லையென்றால் புதிது வாங்க வேண்டும். விலை அதிகமில்லை.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

வெந்நீர் போடும் தவலையின் உட்புறத்தைப் பார்த்தால் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புத் தெரியும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் ரேடியேட்டரின் குழாய்களிலும் என்ஜினுக்குள்ளும் அதே உப்புத்தான் படிகிறது. தண்ணீர் ஓடும் வழி குறுகுவதோடு, உப்புப் படிவு சூட்டைக் கடத்தாமல் கம்பளி போலப் போர்த்திக் கொள்கிறது. இரும்பு பிளாக்கில் துருவும் சேர்ந்துகொண்டால் செந்நிறச் சேறு உண்டாகும். ஆற்று நீரில் உப்புப் பெரும்பாலும் குறைவு என்றாலும் வண்டல் உண்டு. அவசரத்துக்கு ஊற்ற வேண்டுமானால் துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும்.

பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் உத்தமம். சுத்தமாகப் பிடித்து வைத்த மழை நீரும் நல்லது. இதனுடன் கூலன்ட் கலக்க வேண்டும். பனிக்கட்டி உறையாத திருச்சிக்குக் கூலன்ட் எதற்கு என்று கேட்கலாம். கூலன்டில் துருப் பிடிக்காமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. தண்ணீரின் கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது. இந்த இரண்டும் நம் ஊருக்கு மிகவும் தேவை. கலந்தே விற்கப்படும் கூலன்டில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கெட்டியான கூலன்டை டப்பாவில் குறிப்பிட்ட அளவுப்படி கலக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகக் குளிரும் என்பதில்லை. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரே உயர்ந்தது. வெவ்வேறு வகைக் கூலன்ட்களைக் கலப்பதையும் தவிர்க்க வேண்டும்.

கால்நடை வைத்திருப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. பெரும்பாலான கூலன்ட்களில் எத்திலீன் கிளைகால் என்ற திரவம் இருக்கிறது. இது இனிப்புச் சுவை உடையது; ஆனால் நஞ்சு. மாடு, ஆடு, நாய், கோழி எதுவும் இதைக் குடித்தால் சிறுநீரகம் கெட்டு உயிர் போகலாம். பழைய கூலன்டை வாசலிலோ, வாய்க்காலிலோ, தொட்டி ஓரத்திலோ திறந்துவிடக் கூடாது. பாத்திரத்தில் பிடித்து மூடி, பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். குழந்தைகள் எடுக்காத இடத்தில் டப்பாவை வைக்க வேண்டும்.

ரேடியேட்டரைக் கழுவுதல்

பழைய வண்டியை வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். என்ஜின் ஆறியபின் அடியில் உள்ள திருகைத் திறந்து பழைய தண்ணீரை வடித்து விட வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, ரேடியேட்டரின் கீழ் வாய் வழியாகக் குழாய்த் தண்ணீரைச் செலுத்தி, மேல் வாய் வழியாக வெளியே வர விட வேண்டும். இவ்வாறு எதிர்த் திசையில் விட்டால் வழக்கமான ஓட்டத்தில் தங்கிய சேறு கலைந்து வரும். என்ஜின் பிளாக்கையும் அதே முறையில் தனியே கழுவ வேண்டும். தெளிந்த தண்ணீர் வரும் வரை நிறுத்தக் கூடாது.

செம்பு, பித்தளையால் ஆன பழைய ரேடியேட்டருக்குச் சலவைச் சோடா கரைத்து ஊற்றிக் கழுவும் பழக்கம் உண்டு. அலுமினிய ரேடியேட்டருக்கும், அலுமினிய ஹெட் உள்ள என்ஜினுக்கும் சோடா ஆகாது, உலோகத்தை அரித்துவிடும். என்ன உலோகம் என்று தெரியாவிட்டால் கடையில் விற்கும் ரேடியேட்டர் கிளீனரையே வாங்கி, டப்பாவில் சொன்னபடி பயன்படுத்த வேண்டும்.

கழுவியும் சரியாகவில்லை என்றால் குழாய்கள் கெட்டியாக அடைத்திருக்கின்றன. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, என்ஜினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை நெருக்கமாக வைத்துப் பார்த்தால், சூடு இல்லாத பட்டைகள் தெரியும். அங்கே தண்ணீர் ஓடவில்லை. செம்பு ரேடியேட்டரானால் பட்டறையில் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் பற்று நீக்கிக் கழற்றி, குழாய்தோறும் மெல்லிய கம்பி விட்டுத் தூர் எடுத்து, மீண்டும் பற்று வைத்துத் தருவார்கள். கிணறு தூர் வாருவது போன்ற வேலை இது. ஒழுகும் குழாயை இரு முனையிலும் அடைத்து விடுவதும் உண்டு. இரண்டொரு குழாய் என்றால் பரவாயில்லை. பல குழாய்களை அடைத்தால் குளிரும் பரப்புக் குறைந்துவிடும். அப்போது உட்கூட்டையே மாற்றுவது நல்லது.

புதுத் தண்ணீர் நிரப்பும்போது என்ஜினுக்குள் காற்று அடைத்துக் கொள்ளாமல் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்து, மெல்ல நிரப்பி, வால்வு திறக்கும் வரை என்ஜினை ஓட விட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, பிறகே மூட வேண்டும்.

ஹெட் கேஸ்கட் போனதா?

வெளியே ஒழுக்கில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, தண்ணீரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருந்தாலும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் தண்ணீர் பீறிட்டாலும், சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் கலக்கிறது என்று அறியலாம். ஆயில் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காப்பி போலிருப்பதும், என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரிலிருந்து வெள்ளை ஆவி வருவதும் மற்ற அடையாளங்கள்.

இந்த நிலையில் “ஒரு நடை போய் வந்து விடலாம்” என்று எடுக்கவே கூடாது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் பேரிங்குகள் போகும். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கினால் பிஸ்டன் ஏறும்போது கனெக்டிங் ராடு வளையும். நல்ல மெக்கானிக்கிடம் விட்டு, ஹெட்டைக் கழற்றிச் சமதளமாக இருக்கிறதா என்று சோதித்து, வளைந்திருந்தால் லேத்துப் பட்டறையில் முகம் கடைந்து, புதுக் கேஸ்கட் போட வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி, சிறிது சிறிதாக, அளவு காட்டும் ஸ்பேனரால் முடுக்க வேண்டும். சூடேறியதற்கு மூல காரணத்தைச் சரி செய்யாமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால், புதுக் கேஸ்கட்டும் அதே வழியில் போகும். பணம்தான் வீண்.

ஆண்டுக்கு ஒரு முறை

எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டியிருக்கிறது. பெயின்டுக்கும் பிரேக்குக்கும் வண்டியை நிறுத்தும் அதே நேரத்தில் ரேடியேட்டரைக் கழுவி, பெல்ட், ஹோஸ், மூடி ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் தனியாக ஒரு நாள் வேலை கெடாது. கூலன்டை ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றலாம். பங்குனி பிறப்பதற்குள் இவ்வேலைகளை முடித்துக் கொள்வது நல்லது. கோடையில் கெடும் வண்டிக்குக் கோடையில் வைத்தியம் பார்ப்பது, வெள்ளம் வந்தபின் கரை கட்டுவது போலாகும்.

கூட்டாக வண்டி வைத்திருப்போர் இந்தப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லோருக்கும் சொந்தமான வண்டியின் தண்ணீரை யாருமே பார்ப்பதில்லை என்பதுதான் பல இடங்களில் நடப்பது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்தத் தேதியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றப்பட்டது, பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று எழுதி வந்தால் கோளாறு பெரிதாகும் முன்பே தெரிந்துவிடும்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: பேன் பெல்ட் ஒன்று, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், நான்கு கிளிப்புகள், ஸ்குரு டிரைவரும் ஸ்பேனர்களும், பத்து லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு தடித்த சாக்கு. இவை இருந்தால் சத்திரம் பஸ் நிலையத்தருகே கிளீனர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. காலை ஏலத்துக்குத் தாரும் நேரத்தில் போய்ச் சேரும்.